‘தயாரித்தவர்’ என்ற கட்டம்

எங்கள் அலுவலகத்தில் முடிவு முதலில் வரும். காரணம் அதற்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல், என் மேஜைக்கு வரும். மேலாளர் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நிற்பார்.

“எடுத்துட்டோம்மா. ஒரு நோட் போட்டுடுங்க.”

எதை எடுத்தோம் என்று சொல்வார். ஏன் எடுத்தோம் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது அலுவலகம். கப்பலில் வரும் சரக்கை வாங்கி, கிடங்கில் வைத்து, கேட்கும்போது அனுப்புவது எங்கள் கம்பெனியின் தொழில். கீழே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருக்கும். தூசிக்குப் பயந்து ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. அப்படியும் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கறுப்பாக ஏதாவது உதிரும்.

நோட்டுக்கு ஒரு வடிவம் உண்டு. பின்னணி, மூன்று வழிகள், அவற்றின் சாதக பாதகங்கள், ஆபத்துகள், பரிந்துரை. எல்லாம் இங்கிலீஷில். மூன்று வழிகளில் இரண்டு, தேர்தலில் டம்மி வேட்பாளர் நிறுத்துவதுபோல, தோற்பதற்காகவே நிறுத்தப்படுபவை. அவற்றை நிறுத்துவதில்தான் வேலையின் நுணுக்கம் இருக்கிறது. ரொம்ப நோஞ்சானாக இருந்தால் தலைமை அலுவலகத்தில் சிரிப்பார்கள். கொஞ்சம் தெம்பாக இருந்துவிட்டால் அதுவே ஜெயித்துவிடும். ஆறே மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு நோட்டுக்கு இரண்டு நாள் எடுப்பாராம். நான் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுத்துவிடுவேன்.

கடைசிப் பக்கத்தின் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஒப்புதல் அளித்தவர்’, இன்னொன்று ‘தயாரித்தவர்’. இரண்டாவதில் என் பெயர் இருக்கும். முதல் நோட்டின் நகல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் அப்பா துறைமுகத்தில் லாஷிங் வேலை செய்கிறவர். கப்பல் மேல் ஏறி, கன்டெய்னர் பெட்டிகள் நகராமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை. கையெழுத்து ஒன்றைத் தவிர வேறு எழுத்து தெரியாது. அதையும் படம் வரைவதுபோலப் பழகியிருந்தார்.

“உன் பேரு எங்க கீது?” என்றார்.

காட்டினேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைத் தொட்டார்.

“அப்ப நீ சொல்றத கேட்டுதான் கம்பெனி நடக்குதா?”

“ஆமா நைனா.”

பொய் என்று அப்போது தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர்களிடமெல்லாம் என் பெண் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அதில் வெட்கம் இல்லை, பெருமைதான். அடையாள அட்டையை ரயிலிலும் கழற்ற மாட்டேன்.

இரண்டாம் வருஷம், புரட்டாசி முடியும் சமயத்தில், சடையங்குப்பம் கிடங்கு விஷயம் வந்தது.

ஒரு புது வாடிக்கையாளரின் பேப்பர் ரோல்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ரோலும் ஆளுயரம் இருக்கும். எங்கள் பழைய கிடங்கில் இடமில்லை. மணலிக்கு அப்பால் சடையங்குப்பம் போகும் வழியில் ஒரு கிடங்கு காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. மேலாளர், நான், கிடங்கு சூப்பர்வைசர் மூவரும் பார்க்கப் போனோம்.

சூப்பர்வைசருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சடையங்குப்பத்திலேயே பிறந்து, அங்கேயே குடியிருக்கிறவர். லோடு ஏற்றுபவராகச் சேர்ந்து மேலே வந்தவர். தமிழ் நன்றாகப் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

கிடங்கு பெரியதாக, வெளிச்சமாக இருந்தது. சுவரில் கீழே மட்டும் ஒரு பட்டையாகப் புதுசாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே பழைய சுண்ணாம்பு. எனக்கு அது பார்க்க லட்சணமாக இருந்தது. ‘நன்கு பராமரிக்கப்படுகிறது’ என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் சுவர் ஓரமாக நடந்துபோய், பச்சை முடியும் கோட்டுக்கு நேராகத் தன் இடுப்பை வைத்துக் காட்டி நின்றார்.

“சார், கீழ மட்டும் இன்னாத்துக்கு புதுசா அட்ச்சிக்கீறாங்க?”

“அழகுக்கு இருக்கும்,” என்றார் மேலாளர்.

“மீட்டர் பொட்டிய பாருங்க சார். அம்மாம் ஒசரத்துல கீது. ரீடிங் எடுக்க வர்றவன் ஏணி தூக்கினு வரணும். அதுவும் அழகுக்கா?”

மேலாளர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஏழடி உயரத்தில் இருந்தது மீட்டர்.

“நம்ம ஏரியா வூடுங்க எல்லாத்துலயும் அங்கதான் வெச்சிருப்போம் சார். ஏரி தொறந்தா தண்ணி நேரா இங்கதான் வரும். இடுப்பு வரிக்கும் நிக்கும்.”

“எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?”

“அத ஏரியதான் கேக்கணும்.”

எங்களைக் கூட்டிவந்த கார் டிரைவர் சிரித்துவிட்டார். மேலாளரும் சிரித்தார். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, “எழுதிக்கம்மா,” என்றார். அவர் கண் முன்னாலேயே நான் தமிழில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் வரைவில் அந்த வரியை அப்படியே வைத்தேன். ஏரியின் உபரி நீர் திறக்கப்பட்டால் இப்பகுதியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று கிடங்கு சூப்பர்வைசர் தெரிவிக்கிறார். வேறு இடம் பார்க்கவேண்டும், அல்லது சரக்கை நான்கடி உயர மேடையில் ஏற்றவேண்டும். மேலாளர் திரையில் படிக்க மாட்டார், தாளில்தான் படிப்பார். அச்செடுத்துக் கொடுத்தேன். பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதினார்.

“இதுக்கு என்னம்மா ஆதாரம்?”

“அவர் சொன்னார் சார்.”

“ஒருத்தர் சொன்னது ஆதாரம் இல்லம்மா. எப்ப வரும், எவ்வளவு வரும்னு அவருக்கும் தெரியாது.” கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் அவர் முகம் தூக்கம் கெட்ட மனிதரின் முகமாகிவிடும். “எனக்கு மட்டும் தெரியுமா? மழை வருமா வராதான்னு தெரியாது. ஆனா ஒண்ணாந்தேதி கப்பல் வருது, அது தெரியும். மேடை கட்ட நாள் இல்ல. வேற கிடங்கும் இல்ல. தெரிஞ்சதை வெச்சுத்தானே நிக்க முடியும்? இந்த வரி இருந்தா மேல கையெழுத்துப் போட மாட்டாங்க. சரக்கு ரோட்டுல நிக்கும். என்ன பண்ணலாம், சொல்லுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருந்தது ஒரு வாக்கியம்தான். மேஜைக்குத் திரும்பி, வட்டம் போட்ட வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘மழைக்காலத்தில் வழக்கமான முன்னெச்சரிக்கை தேவைப்படலாம்’ என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை அதில். உண்மையும் இல்லை.

மேலாளர் படித்துவிட்டு, “இதாம்மா எழுத்து,” என்றார். அன்று ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரும்வரை அந்தப் பாராட்டை மனதில் உருட்டிக்கொண்டே போனேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இது முழுசாகும்.

சூப்பர்வைசர் இரண்டு நாள் கழித்துக் கேட்டார். “எழுதிட்டியாம்மா தண்ணி மேட்டர?”

“எழுதிட்டேண்ணா.”

“இன்னா சொன்னாங்க?”

“பாக்கிறோம்னாங்க.”

ரோல்கள் வந்து இறங்கின. வெறும் தரையில் நிறுத்தினார்கள். அடியில் வைக்க மரத் தட்டுகள் வேண்டும் என்று சூப்பர்வைசர் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் நான்தான் எடுத்தேன், மேலாளரிடம் சொன்னேன். ஒப்புதல் வரவேண்டும் என்றார். அதைச் சூப்பர்வைசரிடம் திருப்பிச் சொன்னேன். “வுடும்மா,” என்றார் மூன்றாவது முறை. “வந்தா மட்டும் இன்னா? இடுப்பு ஒசரத் தண்ணிக்கு நாலு விரல் ஒசரக் கட்டை. யானைக்கு கோமணம் கட்டின மாரிதான்.”

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏரியைத் திறந்தார்கள். தண்ணீர் பச்சைக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேலும் ஒரு சாண் ஏறி நின்றது. அன்று சூப்பர்வைசரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர். அவர் மனைவி அரிசி மூட்டையையும் டிவியையும் தனி ஆளாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் கிடங்கில் நின்று ஷட்டர் அடியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பேப்பர் ரோல் தண்ணீரைக் குடித்தால் உப்பும் என்பது எனக்குத் தெரியாது. வடிந்த பிறகும் அவை பெருத்துக்கொண்டே இருந்தன. கட்டியிருந்த பட்டைகள் தெறித்துவிட்டன. ஓரத்தில் இருந்தவை தள்ளியதில் சுவர் விரிசல் விட்டிருந்தது. மாவு புளித்த வாடை அடித்தது. தண்ணீர் தொடாத மேல் பகுதிகூட உள்ளேயே ஈரம் ஏறித் தொய்ந்திருந்தது. ஒரு ரோல் தேறவில்லை.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. மேலாளர் இரண்டு நாள் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

“ஒரு நோட் போடணும்மா. அன்னைக்குக் கையில இருந்த தகவலை வெச்சு எடுத்த முடிவு சரியான முடிவுதான். பின்னால நடந்ததை வெச்சு முன்னால எடுத்ததை எடை போடக் கூடாது. இதைக் கொஞ்சம் நல்லா சொல்லுங்க.”

இன்றைக்கும் சொல்வேன், அந்த வாதம் சரியானது. சீட்டு விழுந்த பிறகு எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த தகவலில், நான் அழித்த வரியும் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அப்புறம் ஒண்ணு,” என்றார். “நாமதான் வழக்கமான முன்னெச்சரிக்கைன்னு சொல்லியிருக்கோமே. அது கிடங்குல செய்யப்படலைன்னு ஒரு பாரா வரணும்.”

அப்போதுதான் புரிந்தது. மழைக்காலம், வழக்கம், முன்னெச்சரிக்கை. நான் மழுப்புவதற்குப் போட்ட வாக்கியம் இப்போது சூப்பர்வைசரை நோக்கித் திரும்பியிருந்தது. முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டியவர் அவர்தானே. அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கும் கடிதம் தயாராகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அவரே வந்தார். மாடி ஏறவில்லை. கீழே டீக்கடையில் நின்றுகொண்டு போன் செய்தார். இறங்கிப் போனேன். காலில் சேற்றுப்புண். செருப்பு போடாமல் வந்திருந்தார்.

“கண்ணு, எல்லாம் என் தலையில கட்றாங்கன்றாங்க. கட்டட்டும். நீதான் அன்னைக்கே எழுதினியே. அந்த நோட்ட காட்டினா போதும்ல?”

டீ கிளாஸை என் கையில் கொடுத்தார். நான் அதை வைத்துக்கொண்டு நின்றேன்.

“எழுதினல்ல?”

“எழுதினேண்ணா. அப்புறம் எடுத்துட்டேன்.”

ஒரு டிரெய்லர் போய் முடியும்வரை காத்திருந்தார்.

“அன்னைக்கு கேட்டப்போ எழுதிட்டேன்னு சொன்னியே.”

“ஆமா.”

“நான் எங்க வூட்ல போய் சொன்னேன். ஆபீஸ்ல அந்தப் பொண்ணு எழுதிட்ச்சு, அது படிச்ச பொண்ணு, கரீட்டா எழுதும்னு.” வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி வுடு. டீ ஆறுது பாரு.” போய்விட்டார்.

கம்ப்யூட்டரில் பழைய வரைவு இல்லை. அதே கோப்பின் மேல்தான் திருத்திச் சேமித்திருந்தேன். ஆனால் அச்செடுத்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அச்சான வீண் தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். செய்தித்தாள் மை பாத்திரத்தில் ஒட்டுகிறது என்று அம்மா இந்தத் தாள்களைத்தான் அடுப்படி அலமாரியில் விரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். இரண்டாம் தட்டில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கீழே கிடைத்தது. எண்ணெய் பட்டுக் கண்ணாடிபோல ஆகியிருந்தது. பென்சில் வட்டம் அழியவில்லை. ‘ஆதாரம்?’ என்ற அவர் கையெழுத்தும் அப்படியே இருந்தது.

“இன்னா அது?” என்றார் அப்பா.

தமிழில் படித்துக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன், எதையும் விடாமல். அவர் தாளைத் திருப்பிப் பிடித்து, கீழே தேடி, அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தார்.

“உன் பேரு கீதே இதுல.”

“ஆமா நைனா.”

“இத காட்டினா உன்னியும் சேத்துதானே கேப்பாங்க? வாணாம்மா. அந்தாளுக்கு வேற எதனா வேலை கெடைக்கும். எங்க செட்ல கூட கேட்டுப் பாக்கறேன். உனக்கு இந்த வேலை போனா இன்னொண்ணு எங்க கீது?”

“ஐம்பது வயசுக்கு மேல கப்பல்ல ஏறிக் கம்பி கட்டுவாரா நைனா?”

“நான் கட்டல?” என்றார். சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் தோள் வலி வீட்டில் எங்கள் மூவருக்குமே தெரியும்.

அம்மா டப்பாக்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, “தட்டுக்கு வேற பேப்பர் போட்டுக்கறேன். நீ எட்த்துனு போ,” என்றாள்.

திங்கட்கிழமை காலை, மேலாளர் கேட்ட நோட்டுக்குப் பதிலாக, அந்தத் தாளோடு ஒரு பக்கக் கடிதமும் அவர் மேஜையில் வைத்தேன். சூப்பர்வைசர் எச்சரித்தார், நான் எழுதினேன், பிறகு நானே நீக்கினேன், மரத் தட்டுகள் கேட்டு மூன்று போன் வந்தன, எடுத்தது நான். அவ்வளவுதான் கடிதம். அதில் டம்மி வேட்பாளர் யாரும் இல்லை.

அவர் தன் பென்சில் எழுத்தை வெகுநேரம் பார்த்தார். “எங்க இருந்துச்சு இது?”

“வீட்ல, அடுப்படி அலமாரில.”

“மிளகாய் வாடை அடிக்குது.” மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “இது போனா உங்க பேரும் போகும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“நீங்களே எடுத்தீங்கன்னு ஏன் எழுதியிருக்கீங்க? நான் எடுக்கச் சொன்னேன்னு எழுதலாமே.”

“நீங்க ஆதாரம்தான் கேட்டீங்க. வாக்கியம் என்னோடது.”

இழுப்பறையைத் திறந்தார், மூடினார். கிழித்துப் போட்டிருக்கலாம், என்னிடம் வேறு நகல் இல்லை. இரண்டையும் ஒரு உறையில் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மட்டும் நோட் எதுவும் எழுதப்படவில்லை.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் அதே கிடங்கை மறுபடி எடுத்தார், மேடை கட்டி. அந்த நோட்டை வேறு ஒரு பெண் எழுதினாள். நன்றாக எழுதுகிறாள் என்று கேள்வி. நான் கீழே, கேட்டுக்குப் பக்கத்தில், உள்ளே வரும் போகும் லாரிகளுக்குப் பாஸ் போடும் இடத்தில் இருக்கிறேன். அப்பா இப்போதெல்லாம் என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. அடையாள அட்டையை மட்டும் இன்னும் ரயிலில் கழற்றுவதில்லை. அது நான் படித்து வாங்கியது.

சூப்பர்வைசரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கண்டிப்புக் கடிதம் ஒன்றோடு. இப்போது எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலேயே உள்ள பழைய கிடங்கில் இருக்கிறார். திரும்பி வந்த முதல் நாள் என் ஜன்னலுக்கு வந்தார். நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, அல்லது கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

லாரி எண்ணையும் சரக்கையும் சொன்னார். நான் இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“படிச்சி காட்டு.”

படித்தேன். எண், சரக்கு, எத்தனை உருப்படி, எங்கே போகிறது, எல்லாம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகுதான் கையை நீட்டினார்.

இன்றும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது லாரி போனால் இருபது தடவை. பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். “இன்னாபா, நியூஸ் வாசிக்கறாங்களா உள்ள?” என்று ஒருவன் கத்துவான். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நானும் அவசரப்படுவதில்லை. தொண்டை வறண்டுபோகும். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைப் படிப்பேன்.